சோழவந்தான்ல இருந்து காசி வரைக்கும் ரயில்ல தனியா: போய் வந்த பொம்பளைங்க சொல்லுங்க

கொடிக்கால்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 36, ஊர் சோழவந்தான். எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்தா மதுரை–திண்டுக்கல் லைன்ல போற வண்டி அம்புட்டும் தெரியும். எந்த வண்டி இன்னைக்கு லேட்டுன்னு அம்மா உலை வைக்கிற நேரத்தை வச்சே சொல்லிருவாங்க. ஆனா நான் போன தூரம்னு பாத்தா வடக்க சென்னை, தெக்க கன்னியாகுமரி, கிழக்க ராமேஸ்வரம். அதுக்கு மேல இல்ல.

வாடிப்பட்டியில ஒரு மருந்துக்கடையில கணக்கு எழுதுறேன். டிசம்பர் கடைசியில பத்து நாளைக்கு மேல லீவு கிடைக்கும் போல இருக்கு. டெல்லி, ஆக்ரா, காசி மூணும் பாக்கணும். தனியாப் போகணும். கல்யாணம் ஆகல. அதைப் பத்தி யாரும் கேக்க வேணாம், ஊர்ல கேக்குறதே போதும்.

அண்ணன் வெத்தலைக் கொடிக்கால் வச்சிருக்கார். "போறதுன்னா டூர்காரங்களோட பஸ்ல போ, நான் பணம் கட்டுறேன்"ங்கிறார். நல்ல மனசுலதான் சொல்றார். ஆனா அந்த டூர்ல போய் வந்த எங்க சித்தி, காலைல நாலு மணிக்கு எழுப்பி, ஒரு கோயில்ல இருபது நிமிஷம் விட்டு, மறுபடி பஸ்ல ஏத்துனதைத்தான் கதை கதையா சொன்னாங்க. ஊரைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

எனக்குத் தெரிய வேண்டியது: மதுரையில இருந்து நேரா போற வண்டியில போறதா, சென்னை போய் மாறுறதா? ஸ்லீப்பர் போதுமா, ஏசி எடுக்கணுமா? தனியா வர்ற பொண்ணுக்கு ரூம் தர மாட்டாங்கன்னு சொல்றாங்களே, அது நிசமா? இந்தி சுத்தமா வராது. பணம் ஓரளவு சேத்து வச்சிருக்கேன், தாராளமா செலவழிக்க முடியாது.

தல்லாகுளத்தான் எழுதியது:

சகோதரி, தப்பா எடுத்துக்காதீங்க. முதல் தடவையே ரெண்டாயிரம் கிலோமீட்டர் தனியா எதுக்கு? ரயில்வேயே பாரத் கௌரவ் சுற்றுலா ரயில் விடுறாங்க. சாப்பாடு, தங்குற இடம், உள்ளூர் பஸ் எல்லாம் அதுலயே வந்துரும். மதுரையில இருந்து ஏறுற மாதிரியும் சில சமயம் வரும். ஒரு தடவை அதுல போய்ப் பழகிட்டு அப்புறம் தனியாப் போங்க.

ட்ரங்க்கால் எழுதியது:

தல்லாகுளத்தம்பி சொல்றது வயசானவங்களுக்கு நல்ல யோசனை. ஆனா தங்கச்சி கேட்டது அது இல்லையே.

நான் மதுரை, வடக்கு மாசி வீதிப் பக்கம். டெலிபோன் ஆபீஸ்ல ஆபரேட்டரா சேர்ந்தவ. 2020 ஜனவரி கடைசியில ஆயிரக்கணக்கான பேர் ஒரே நாள்ல வி.ஆர்.எஸ். வாங்கிட்டுப் போனாங்களே, அதுல நானும் ஒருத்தி. வெளிய வந்த கையோட வடக்க போக டிக்கெட் போட்டேன். மார்ச்ல ஊரடங்கு வந்து வண்டியே நின்னுபோச்சு. மறுபடி ஓட ஆரம்பிச்சதுல இருந்து வருஷா வருஷம் தனியாப் போயிட்டு வர்றேன். வீட்டுக்காரருக்கு ரயில்ல தூக்கம் வராது, அதனால அவர் வர்றதில்ல. வேற சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல.

அந்தக் காலத்துல சிவகாசி அச்சாபீஸ்காரங்க பல்லார்பூர் காகித மில்லுக்கு ட்ரங்க் கால் புக் பண்ணுவாங்க. லைன் கிடைக்க மணிக்கணக்கா ஆகும். அதுக்குள்ள நாக்பூர் ஆபரேட்டர் பொண்ணும் நானும் பேச ஆரம்பிச்சிருவோம், அவளுக்கும் எனக்கும் நடுவுல அரைகுறை இங்கிலீஷ்தான். அப்புறம் எஸ்.டி.டி. வந்துச்சு, 0712ன்னா நாக்பூர், 0542ன்னா காசி, 0562ன்னா ஆக்ரான்னு ஊரெல்லாம் நம்பராப் போச்சு. காதுல மட்டும் கேட்ட ஊரைக் கண்ணால பாக்கணும்னு அப்பவே ஒரு ஆசை. அதான் நான் ப்ளேன்ல போறதில்ல, நடுவுல இருக்குற ஊரெல்லாம் விட்டுப்போயிருமே.

சரி, விஷயத்துக்கு வர்றேன். தனியாப் போற பொம்பளை, வண்டி கிளம்புற நேரத்தைப் பாத்து டிக்கெட் போடக்கூடாது. போய் இறங்குற நேரத்தைப் பாத்துப் போடணும். வண்டிக்குள்ள நீங்க தனி ஆளே இல்ல. ஒரு பெட்டியில எழுபது எண்பது பேர், குடும்பம் குட்டிகளோட இருப்பாங்க. டி.டி.ஆர். வருவார், போலீஸ் வரும், டீக்காரர் விடிய விடிய கத்திக்கிட்டே போவார். தெரியாத ஊர்ல நடுராத்திரி ஸ்டேஷன் வாசல்ல பையோட நிக்கும்போது, நாலு பக்கமும் ஆட்டோக்காரங்க சூழ்ந்து பேசும்போதுதான் தனின்னா என்னன்னு தெரியும். அந்த அரைமணி நேரம் பகல்ல வர்ற மாதிரி பண்ணிட்டீங்கன்னா பாதிப் பயம் அங்கயே போயிரும்.

ஒரு வண்டியை வச்சே சொல்றேன். கன்னியாகுமரி–பனாரஸ் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ், வாரம் ஒருநாள், மதுரை வழியா. நம்ம ஊர்ல ஏறி காசியில இறங்கலாம், மாற வேண்டியதே இல்ல. எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க. ஆனா நான் கடைசியாப் பாத்த அட்டவணையில அது பனாரஸ் போய்ச் சேர்ற நேரம் ராத்திரி பதினொண்ணு தாண்டி. லேட்டானா ரெண்டு மணி, மூணு மணி. அதே வண்டி திரும்பி வரும்போது ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அங்க கிளம்பி, செவ்வாய்க்கிழமை பகல்ல மதுரை வந்துரும். அதனால வர்றதுக்கு அந்த வண்டி, போறதுக்கு வேற வண்டி.

போறதுக்கு நான் எடுக்குற வழி இது. காலையில வைகை எக்ஸ்பிரஸ். 1977ல இருந்து ஓடுற வண்டி, நம்ம ஆளுக நிறைய இருப்பாங்க. மத்தியானத்துக்கு மேல எழும்பூர் போயிரும். எழும்பூர்ல இருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோவுல அடுத்த ஸ்டேஷன்தான், ஆட்டோக்காரரோட மல்லுக்கட்ட வேணாம். சென்ட்ரல்ல பெண்கள் காத்திருப்பு அறையில குளிச்சு, சாப்பிட்டு, ராத்திரி 10 மணிக்கு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். மறுநாள் முழுக்க வண்டியில. அதுக்கு மறுநாள் காலையில ஆறரை வாக்குல புதுடெல்லி. ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். போற வழியில ஆக்ராவை இருட்டோட இருட்டா தாண்டும். அங்கயே இறங்கிரலாமேன்னு தோணும். வேணாம். விடிஞ்சப்புறம் டெல்லியில இறங்குங்க.

இப்ப டிசம்பர் விஷயம். நம்ம ஊர் மார்கழிப் பனி கோலம் போடுறவங்களுக்கு இதம். அங்க டிசம்பர் கடைசி, ஜனவரியில விழுற மூடுபனியில டிரைவருக்கு சிக்னலே தெரியாது. வண்டி மணிக்கணக்கா லேட்டாகும், சிலது ரத்தே ஆயிரும். நேரத்தை நம்பித்தான் நான் இம்புட்டும் சொன்னேன், அந்த நேரமே இல்லாமப் போயிரும். முதலாளிகிட்ட பேசி, தை தெப்பம் முடிஞ்சப்புறம் லீவு கேளுங்க. மகா சிவராத்திரிக்கு முன்னாடி காசியை விட்டுக் கிளம்பிருங்க, கூட்டம் நெறியும். ஹோலி சமயத்துலயும் அந்தப் பக்கம் தனியா நடமாட வேணாம். சாயம் பூசுறேன்னு கை நீட்டுறவங்களைக் கேக்க ஆள் இருக்காது.

ரூம். நீங்க கேள்விப்பட்டது நிசம்தான். ஒரு ஊர்ல, பேர் வேணாம், போன்ல பதிஞ்சு வச்ச லாட்ஜ்ல போய் நின்னா "கூட யாரு?"ன்னான். யாரும் இல்லன்னதும் ரூம் காலி இல்லன்னுட்டான். எனக்கு அப்ப தலை பாதி நரைச்சிருச்சு, அதுக்கே அப்படி. அதுல இருந்து முன்னாடியே போன்ல "ஒரு பொம்பளை, தனியா வர்றேன், ஆதார் இருக்கு, சரியா?"ன்னு வாய்விட்டுக் கேட்டுருவேன். இழுத்தா அடுத்த இடம். முதல் ராத்திரிக்கு ஸ்டேஷன்லயே இருக்குற ஓய்வறை ரொம்ப வசதி. கன்பார்ம் ஆன டிக்கெட்டோட பி.என்.ஆர். நம்பரை வச்சு ஆன்லைன்லயே போடலாம், 48 மணி நேரம் வரைக்கும் தங்கலாம். டெல்லியில ஒய்.டபிள்யூ.சி.ஏ.ன்னு பொம்பளைங்க சங்கம் நடத்துற விடுதியும் இருக்கு. காசியில நகரத்தார் சத்திரம் இருக்கு, கோதௌலியா பக்கம். நம்ம சாப்பாடு கிடைக்கும். இடம் இருக்கான்னு போன்ல கேட்டுட்டுப் போங்க, ஆள் நிறைஞ்ச நாள்ல யாருக்கும் கிடைக்காது. அனுமான் காட், கேதார் காட்னு கங்கைப் படித்துறைப் பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா இருக்காங்க. பாரதியார் சின்ன வயசுல தங்கிப் படிச்சதும் அந்த அனுமான் காட்லதான். கேதார் காட்ல குமரகுருபரர் வச்ச மடம். அந்தச் சந்துகள்ல வழி தெரியாம நின்னாக்கூட யாராவது தமிழ்ல பதில் சொல்லிருவாங்க.

காசியில ஒண்ணு மட்டும் பத்திரம். பொணம் எரிக்கிற மணிகர்ணிகா காட்ல நின்னா ஒரு ஆள் வந்து கதை சொல்ல ஆரம்பிப்பான். கடைசியில "ஏழைக்குக் கட்டை வாங்க தானம்"ன்னு ஆயிரக்கணக்குல கேப்பான். பதிலே பேசாம நடந்து போயிருங்க. படகுல தனியா ஏறாதீங்க, குடும்பம் ஏறுற படகா பாத்துப் பங்கு போட்டுக்கங்க. விசுவநாதர் கோயிலுக்குள்ள போன் விடமாட்டாங்க, நம்ம மீனாட்சி கோயில் மாதிரியேதான். லாக்கர்ல வச்சிட்டு, வெளிய யாரையாவது பாக்க வேண்டியிருந்தா இடத்தையும் நேரத்தையும் முன்னாடியே பேசி வச்சுக்கங்க.

சாப்பாடு: முதல் நாளைக்கு மிளகாப்பொடி நல்லெண்ணெய் தடவுன இட்லி, ரெண்டாம் நாளைக்குப் புளிசாதம். அதுக்கு மேல வேகாது. நாக்பூர் மத்தியானம் வரும், சீசன்ல ஆரஞ்சு வாங்கிக்கங்க. சீட்டுக்கே சாப்பாடு கொண்டு வந்து தர்ற வசதியும் இருக்கு, ஆனா வண்டி லேட்டானா அதுவும் தடுமாறும்.

பச்சைக்கொடி எழுதியது:

மதுரைக் கோட்டத்துல டிக்கெட் பரிசோதகரா இருந்து ஓய்வு பெற்றவன். ட்ரங்க்கால் அம்மா சொன்ன வழி நல்ல வழி. சட்டதிட்டம் சிலது நான் சொல்றேன்.

தூர வண்டிகள்ல ஸ்லீப்பர் வகுப்புல பெண்களுக்குன்னு ஆறு படுக்கை தனி ஒதுக்கீடு இருக்கு. தனியா வர்ற பெண்ணோ பெண்கள் மட்டும் சேர்ந்து வர்றவங்களோ எந்த வயசா இருந்தாலும் போடலாம். புக் பண்ணும்போது பொது ஒதுக்கீடுன்னு இருக்குற இடத்துல பெண்கள்னு மாத்தணும், பலருக்கு இது தெரியறதே இல்ல. தேர்ட் ஏசியில இந்த ஒதுக்கீடு ராஜதானி, துரந்தோ, கரீப் ரத் மாதிரி முழு ஏசி வண்டிகள்லதான் உண்டு. ஆக, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல இது வேணும்னா ஸ்லீப்பர்தான். கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு 45 வயசு தாண்டுன பெண்களுக்கு. ட்ரங்க்கால் அம்மாவுக்கு வரும், உங்களுக்கு இன்னும் வருஷம் இருக்கு.

ஆர்.ஏ.சி. ஆச்சுன்னா பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையை ரெண்டு பேர் பங்கு போட்டு உட்காரணும். எதிர்ல ஆம்பளையா இருந்து சங்கடமா இருந்தா பரிசோதகர்கிட்ட சொல்லுங்க. இன்னொரு பெண்ணோட மாத்தி விட முடிஞ்சா மாத்தி விடுவாங்க, நானும் பண்ணியிருக்கேன்.

1989 ரயில்வே சட்டம், 139வது பிரிவு: டிக்கெட் சிக்கல்ல ஒருத்தரை வண்டியை விட்டு இறக்கணும்னா, ஆண் துணை இல்லாம வர்ற பெண்ணை நெனைச்ச இடத்துல இறக்க முடியாது. அவங்க ஏறுன ஸ்டேஷன், ஜங்ஷன், வண்டி முடியுற ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் ஸ்டேஷன், இதுல ஏதாவது ஒண்ணுலதான் இறக்கலாம். அதுவும் பகல்ல மட்டும். இதைக் கேட்டுட்டு டிக்கெட் எடுக்காம ஏறிராதீங்க, அபராதம் அபராதம்தான். உதவி எண்ணும் அதே 139, பாதுகாப்பு, மருத்துவம், புகார் எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான். முன்னாடி பாதுகாப்புக்கு 182ன்னு தனியா இருந்துச்சு, இப்ப அது கிடையாது.

ரயில்வே பாதுகாப்புப் படையான ஆர்.பி.எஃப்.ல மேரி சஹேலின்னு ஒரு ஏற்பாடு 2020ல ஆரம்பிச்சாங்க. வண்டி கிளம்புற ஸ்டேஷன்ல பெண் காவலர்கள் வந்து தனியாப் போற பெண்கள்கிட்டப் பேசி, சீட் நம்பரைக் குறிச்சுக்குவாங்க. வழியில வர்ற ஸ்டேஷன்கள்ல வந்து எட்டிப் பாப்பாங்க. அவங்க வந்து கேட்டா கூச்சப்படாம விவரம் சொல்லுங்க.

பனி விஷயத்துல ஒரு கணக்கு. டிசம்பர்லதான் லீவுன்னா, அட்டவணையில காலையில போய்ச் சேர்ற வண்டியா எடுங்க. காலை ஆறு மணி வண்டி எட்டு மணி நேரம் லேட்டானாலும் மத்தியானம் ரெண்டு மணிதான். மத்தியானம் ரெண்டுக்குப் போற வண்டி எட்டு மணி நேரம் லேட்டானா ராத்திரி பத்து. டெல்லி–வாரணாசிக்கு எல்லாரும் வந்தே பாரத்தைச் சொல்லுவாங்க. 2019 பிப்ரவரியில விட்டது, நாட்டோட முதல் வந்தே பாரத் அதுதான். டெல்லியில காலை 6 மணிக்குக் கிளம்பி எட்டு மணி நேரத்துல வாரணாசி. வெயில் காலத்துல அருமையான வண்டி. பனிக்காலத்துல அதை விட, ராத்திரி எட்டு வாக்குல டெல்லியில ஏறி காலையில பனாரஸ் போற சிவகங்கா எக்ஸ்பிரஸ் உங்களுக்குத் தோது. வாரணாசி ஜங்ஷன் வேற, பனாரஸ் ஸ்டேஷன் வேற. பழைய மண்டுவாடீஹ்தான் இப்ப பனாரஸ். ரூம்காரங்ககிட்டப் பேசும்போது எந்த ஸ்டேஷன்னு தெளிவாச் சொல்லுங்க.

உசிலம்பட்டி டூ டெல்லி எழுதியது:

அக்கா, நான் டெல்லியில நர்ஸ். ஊருக்கு வந்து போறதெல்லாம் ரயில்தான். பச்சைக்கொடி ஐயா சொன்ன பனி நிசம். ஒரு ஜனவரியில எங்க வண்டி ராத்திரி முழுக்க ஒரு சின்ன ஸ்டேஷன்ல நின்னுச்சு. டீ தீந்துபோச்சு, தண்ணி தீந்துபோச்சு, ஆனா பெட்டியில இருந்த பாட்டி ஒருத்தங்க எல்லாருக்கும் முறுக்கு கொடுத்தாங்க.

ஸ்லீப்பர் விஷயத்துல நான் ஐயாவோட ஒத்துப்போக மாட்டேன். ஒதுக்கீடு கிடைக்குதுங்கிறதுக்காகக் குளிர்காலத்துல ஸ்லீப்பர்ல போகாதீங்க. நாக்பூர் தாண்டினதும் ஜன்னல் இடுக்குல வர்ற காத்து எலும்புக்குள்ள இறங்கும். ரிசர்வேஷன் இல்லாதவங்களும் ஏறி சீட்டு ஓரத்துல உட்கார்ந்துக்குவாங்க. தேர்ட் ஏசி எடுத்தா போர்வை, கம்பளி, தலையணை எல்லாம் தருவாங்க. காசு கூடத்தான், முதல் பயணம்னா அந்தக் காசு போகட்டும். பிப்ரவரி கடைசின்னா ஸ்லீப்பர் சரி.

படுக்கை அப்பர் எடுங்க. லோயர்னா பகல் முழுக்க உங்க படுக்கையிலதான் எல்லாரும் உட்காருவாங்க. எப்ப படுக்கணும், எப்ப எந்திரிக்கணும்னு மத்தவங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கணும். அப்பர்ல ஏறிப் படுத்துட்டா ஒருத்தரும் எழுப்ப மாட்டாங்க, பையையும் தலைமாட்டுல வச்சுக்கலாம். பெரிய பையை மட்டும் கீழ் சீட்டுக்கு அடியில இருக்குற வளையத்துல சங்கிலி போட்டுப் பூட்டிருங்க.

யாரும் கேக்காத விஷயம், நானே சொல்லிர்றேன். பாத்ரூமுக்கு வெள்ளன அஞ்சு மணிக்கே போயிட்டு வந்திருங்க, ஏழு மணிக்கு மேல வரிசை. செருப்பு நனைஞ்சா காயுற ரப்பர் செருப்பா இருக்கட்டும். மாதவிலக்கு தேதி வந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போட வேணாம், பழைய பேப்பரும் கறுப்புக் கவரும் கூட வச்சுக்கங்க. சுத்திக் குப்பைத் தொட்டியில போடணும், தொட்டி வாஷ்பேசின் பக்கம் இருக்கும். இப்ப எல்லாப் பெட்டியிலயும் பயோ டாய்லெட், உள்ள போட்டா அடைச்சுக்கும், அந்தப் பெட்டிக்கே கஷ்டம். தண்ணி குடிக்காம இருக்குறதுன்னு மட்டும் முடிவு பண்ணாதீங்க. நாங்க வார்டுல பாக்குற நீர்க்கடுப்பு கேஸ்ல பாதி இந்தப் பயணக்காரங்கதான்னு எனக்குத் தோணும்.

புதுடெல்லி ஸ்டேஷன்ல ரெண்டு வாசல். பஹாட்கஞ்ச் பக்கம் ஒண்ணு, அஜ்மீரி கேட் பக்கம் ஒண்ணு. மெட்ரோ வேணும்னா அஜ்மீரி கேட் பக்கம் வாங்க. வெளிய ஒருத்தன் வந்து "உங்க டிக்கெட் கேன்சல் ஆயிருச்சு, ஆபீஸ் இந்தப் பக்கம்"னு கூப்பிடுவான். கூப்பிட்டா நில்லாம நடங்க. மெட்ரோவுல போற திசையில முதல் பெட்டி பெண்களுக்கு. அதுல ஏறிட்டா நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரிதான், பேச ஆள் கிடைக்கும். இட்லிக்கு ஏங்கிட்டீங்கன்னா ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயில் பக்கம் போங்க, தமிழ்க் குரல் காதுல விழும்.

ஆக்ராவுக்கு டெல்லியில இருந்தே போய்ட்டு வாங்க, அங்க தங்க வேணாம். ஹஜ்ரத் நிஜாமுதீன்ல இருந்து காலை எட்டு மணிக்கு மேல கதிமான் எக்ஸ்பிரஸ். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம், ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆக்ரா. சாயங்காலம் அதுவே திரும்பும். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும், கதிமானும் ஓடாது. உள்ள போக நம்மாளுக்கு 50 ரூபா, கல்லறை இருக்குற மேடைக்கு ஏற இன்னும் 200. குளிர்காலத்துல விடியக்காலம் போனீங்கன்னா பனியில தாஜ்மகாலே தெரியாது. எங்க ஹாஸ்டல் பொண்ணுங்க அப்படிப் போய் வெள்ளைப் பனியைப் போட்டோ எடுத்துட்டு வந்தாங்க.

தல்லாகுளத்தான் எழுதியது:

ட்ரங்க்கால் அக்கா, நீங்க சொன்னதைப் படிச்சப்புறம் என் வீட்டம்மா "நானும் போறேன்"ங்கிறா. என்னை மாட்டி விட்டுட்டீங்க.

கொடிக்கால்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முதலாளிகிட்டப் பேசிட்டேன். கணக்கு முடிக்கிற மார்ச்சுக்கு முன்னாடி எப்ப வேணாலும் போய்க்கன்னுட்டார். அதனால தெப்பம் முடிஞ்சு பிப்ரவரிதான். தேர்ட் ஏசியா ஸ்லீப்பரான்னு இன்னும் முடிவு பண்ணல. போறப்ப ஏசி, வர்றப்ப ஸ்லீப்பர்னு கணக்குப் போட்டுப் பாத்துட்டு இருக்கேன்.

அண்ணன்கிட்ட பச்சைக்கொடி ஐயா எழுதுனதைப் படிச்சுக் காட்டினேன். சட்டம்னு சொன்னதும் கொஞ்சம் அடங்கிட்டார். ஆனா அம்மா இப்ப புதுசா ஆரம்பிச்சிருக்காங்க, "ராத்திரி ராத்திரி போன் பண்ணலன்னா நான் தூங்கமாட்டேன்"ங்கிறாங்க. அது ஒரு பக்கம். எனக்கே ஒரு சந்தேகம், ஒரு நாள் முழுக்க ரயில்ல தனியா உட்கார்ந்து இருந்துருவேனா? பக்கத்துல எங்கயாவது போய்ப் பாக்கலாமா?

ட்ரங்க்கால் எழுதியது:

போய்ப் பாருங்க. மதுரையில இருந்து செங்கோட்டை வழியா குருவாயூர் போற பகல் வண்டி இருக்கு. அதுல ஏறி ஜன்னலோரம் உட்காருங்க. ராஜபாளையம் வரைக்கும் நம்ம ஊர்க் காடுதான். செங்கோட்டை தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் ஆரியங்காவுக் குகை வரும், அப்புறம் பதிமூணு கண் பாலம். அந்தப் பாதை 1904ல வெள்ளைக்காரன் காலத்துல திறந்தது, மீட்டர் கேஜை எடுத்துட்டு அகலப்பாதை போட்டு 2018ல மறுபடி விட்டாங்க. சாயங்காலம் கொல்லத்துல இறங்கிருங்க, குருவாயூர் போகும்போது நடுராத்திரி தாண்டிரும். ஒரு ராத்திரி கொல்லத்துல தனியா ரூம் எடுத்துத் தங்கி, மறுநாள் திரும்பி வாங்க. உங்களுக்கு வேண்டிய ஒத்திகை அந்த ரூம் எடுக்குறதுதான். ரயில்ல உட்கார யாருக்கும் சொல்லித்தர வேணாம்.

அம்மாவுக்கு: ராத்திரி போன் பண்றேன்னு வாக்குக் கொடுக்காதீங்க. பல்லார்ஷா பக்கம் காடு, போபாலுக்கு முன்னாடி மலை. டவர் வரும், போகும். ஒரு தடவை லைன் கிடைக்கலன்னா அம்மா விடிய விடிய முழிச்சிருப்பாங்க. முப்பது வருஷத்துக்கு மேல லைன் கிடைக்காத ஆளுகளோட அழுகையைக் கேட்டவ சொல்றேன். காலையில எட்டு மணிக்கு, சாயங்காலம் நிக்கிற பெரிய ஸ்டேஷன்ல, இந்த ரெண்டு நேரம்தான்னு சொல்லிட்டுப் போங்க. வண்டி நம்பரை எழுதி அண்ணன்கிட்டக் கொடுங்க. வண்டி எங்க போகுதுன்னு அவரே போன்ல பாத்து அம்மாவுக்குச் சொல்லட்டும், அவருக்கும் ஒரு வேலை ஆச்சு.

காசியில காலையில கச்சோரி ஜிலேபி. பிப்ரவரியில போனா மலையோன்னு பால் நுரையில ஒரு இனிப்பு, குளிர்காலத்துல மட்டும்தான் விப்பாங்க, சின்ன மண்சட்டியில தருவாங்க. அது முடியறதுக்குள்ள போயிருங்க. கங்கா ஆரத்தி தசாஸ்வமேத காட்ல சாயங்காலம், முடிஞ்சதும் கூட்டத்தோட கூட்டமா ரூமுக்கு வந்துருங்க. சாரநாத்துக்கு ஒரு காலைப் பொழுது போதும், பத்து கிலோமீட்டர்தான்.

தல்லாகுளத்தம்பி, வீட்டம்மாவை அனுப்பி வைங்க. நீங்க சமைச்சுப் பழகிக்கங்க.

பச்சைக்கொடி எழுதியது:

கடைசியா ஒண்ணு. முன்பதிவு இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும். 2024 நவம்பர் வரைக்கும் 120 நாளா இருந்துச்சு, பழைய யூடியூப் வீடியோ பாத்து ஏமாறாதீங்க. பயணத் தேதியைச் சேக்காம 60 எண்ணணும். காலை 8 மணிக்குத் திறக்கும். டிக்கெட் போடுற ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கோட ஆதாரை இன்னைக்கே இணைச்சு வச்சிருங்க, இணைக்காத கணக்குல திறந்த உடனே போட விடாது. திரும்பி வர்ற காசி வண்டி வாரம் ஒண்ணுதான், அதனால அதை முதல்ல போடுங்க. அது கிடைச்ச ஞாயித்துக்கிழமையை வச்சு மத்ததைப் பின்னாடி கணக்குப் போட்டுக்கலாம்.